கெட்: ஒரு சின்னச் சொல்லை எப்படிப் பிடிப்பது

கெட் என்ற ஆங்கிலச் சொல் நம் எல்லோருக்கும் ஏற்கெனவே அறிமுகமானதுதான். சினிமாவில் ஹீரோவுக்குப் புது கெட்டப், பழைய வகுப்புத் தோழர்களோடு கெட் டுகெதர், வகுப்பில் சத்தம் போட்டால் கெட் அவுட். இந்த மூன்றையும் ஆங்கிலமே தெரியாத பாட்டிகூடச் சொல்வார். ஆனால் போனில் ஒருவர் வேகமாகப் பேசும்போது ஒரே மூச்சில் நாலைந்து கெட் வந்து விழுந்தால், அதுவும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொருளில் வந்தால், பள்ளியிலும் கல்லூரியிலும் வருடக்கணக்கில் ஆங்கிலம் படித்தவர்களும் திணறிப் போகிறார்கள். சில ஆண்டுகளாக மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன், அதில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் சொல் இதுதான்.

என்னிடம் படித்த ஒரு தம்பி சொன்னது இது. வெளிநாட்டிலிருந்து பேசிய மேலாளர் ஒரு வேலையை விளக்கிவிட்டு "டிட் யூ கெட் தட்?" என்று கேட்டிருக்கிறார். இவன் "எஸ், மெயில் வந்துவிட்டது" என்று பதில் சொல்லியிருக்கிறான். அவர் கேட்டது "நான் சொன்னது புரிந்ததா?" என்று. இலக்கணத்தில் அவனிடம் ஒரு குறையும் இல்லை, இந்த ஒரு சொல்லைத்தான் யாரும் அவனுக்கு உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை.

ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இறந்தகாலத்தைக் காட் என்று எழுதியிருக்கிறேன், கடவுள் என்று படித்துவிட வேண்டாம்.

அகராதியைத் திறந்து கெட்டுக்கு இருக்கும் பொருள்களை எல்லாம் வரிசையாக மனப்பாடம் செய்யும் வழி வேண்டவே வேண்டாம். பக்கம் பக்கமாகப் போகும், மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. நான் சொல்லித் தருவது வேறு. முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: கெட் வந்தால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. முன்பு இல்லை, இப்போது இருக்கிறது. முன்பு அங்கே, இப்போது இங்கே. முன்பு அப்படி, இப்போது இப்படி. எது மாறியது என்பதை கெட் சொல்லாது, அதற்கு அடுத்து வரும் சொல்தான் சொல்லும். அதனால் காது கெட்டில் நிற்கக் கூடாது, அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும்.

இது நமக்குப் புதிய வித்தையும் இல்லை. நம் பிடி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சளி பிடித்தது, ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தேன், திருடனைப் பிடித்தார்கள், அவர் சொன்ன சூட்சுமம் இப்போதுதான் பிடிபட்டது. இந்த நான்கையும் ஆங்கிலத்தில் கெட் போட்டே சொல்லலாம்: "ஐ காட் எ கோல்ட்", "ஐ காட் த செவன் ஓ கிளாக் பஸ்", "தே காட் ஹிம்", "நவ் ஐ கெட் இட்". வாங்கு என்பதும் அப்படித்தான். கடையில் அரிசி வாங்குகிறோம், தேர்வில் மார்க் வாங்குகிறோம், அப்பாவிடம் திட்டு வாங்குகிறோம், பல் வலிக்கு மருந்து எழுதி வாங்குகிறோம். ஒரு சின்ன வயதுக் குழந்தை இதையெல்லாம் குழம்பாமல் பேசுகிறது, ஏனென்றால் அது வாங்கு என்பதை மட்டும் கேட்பதில்லை, என்ன வாங்கினார்கள் என்பதையும் சேர்த்தே கேட்கிறது.

சரி, அடுத்த சொல் ஒரு பொருளின் பெயராக இருந்தால் பெரும்பாலும் கிடைத்தது, வாங்கினேன், வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். "ஐ காட் எ லெட்டர்" என்றால் எனக்குக் கடிதம் வந்தது. "ஐ காட் எ ஜாப்" என்றால் வேலை கிடைத்தது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: நாம் "எனக்கு" என்று தொடங்கும் இடத்தில் ஆங்கிலம் "நான்" என்று தொடங்கும். "எனக்குக் கிடைத்தது" என்பதை அப்படியே பெயர்க்கப் போய் "டு மீ" என்று ஆரம்பித்து மாட்டிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கெட் போடுவது என்று முடிவானால் யாருக்குக் கிடைத்ததோ அவரை முன்னால் நிறுத்திவிடுங்கள்.

"கெட் மீ எ காபி" என்பதில் பாருங்கள், நாம் போய், வாங்கிக்கொண்டு, வா என்று மூன்று வினை போட்டுச் சொல்வதை அந்த ஒற்றைச் சொல் சுமக்கிறது. இன்னொன்று, வெளிநாட்டில் ஒருவர் வீட்டில் இருக்கிறீர்கள், அவர் கையெல்லாம் மாவு, வாசல் மணி அடிக்கிறது, அவர் உங்களைப் பார்த்து "கேன் யூ கெட் தட்?" என்கிறார். எதை எடுத்துத் தரச் சொல்கிறார் என்று மேஜையைத் தேட வேண்டாம். போய்க் கதவைத் திறங்கள் என்கிறார். போன் அடிக்கும்போது சொன்னால் போனை எடுங்கள் என்று அர்த்தம். "ஐ'ல் கெட் இட்" என்றால் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

புரிந்தது என்ற பொருளில் வரும்போது இன்னொரு சிக்கல். நம் ஊரில் "ஐ ஆம் நாட் கெட்டிங் யூ", "ஆர் யூ கெட்டிங் மீ?" என்று தாராளமாகச் சொல்கிறோம். தமிழில் புரியவில்லை என்பது இப்போதைக்கும் பொருந்தும், எப்போதைக்கும் பொருந்தும், அதனால் இங் சேர்ப்பது நமக்கு இயல்பாக வருகிறது. நமக்குள் பேசும்போது இதில் தவறே இல்லை. ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவரிடம் பேசும்போது "ஐ டோன்ட் கெட் இட்" என்று சொல்லுங்கள், காதில் சரியாக விழவில்லை என்றால் "ஐ காண்ட் ஹியர் யூ" என்று தனியாகச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தைப் போட்டால் அவர் விளக்க வேண்டுமா, சத்தமாகப் பேச வேண்டுமா என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த சொல் ஒரு தன்மையைச் சொல்வதாக இருந்தால் கெட் என்பது "ஆகு". லேட் ஆகிவிட்டது என்றால் "இட்ஸ் கெட்டிங் லேட்". நனைந்துவிட்டேன் என்றால் "ஐ காட் வெட்". கோபம் வந்தது, பசித்தது, இருட்டியது, ஆறிப்போனது எல்லாவற்றுக்கும் இதே அமைப்புதான்: ஆங்க்ரி, ஹங்க்ரி, டார்க், கோல்ட் என்று கெட்டுக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. "என் தங்கை டாக்டர் ஆனாள்" என்பதற்கும் ஆகு தானே வருகிறது என்று "மை சிஸ்டர் காட் எ டாக்டர்" என்று சொன்னால் தங்கைக்கு ஒரு டாக்டர் கிடைத்தார் என்று ஆகிவிடும். டாக்டர் பெயர்ச்சொல், அதற்கு முன்னால் கெட் வந்தால் கிடைத்தது என்றுதான் பொருள். அங்கே பிகேம் போட வேண்டும். பைத்தியம் பிடித்தது, வழுக்கை விழுந்தது, பார்வை போனது போன்றவற்றுக்கு வழக்கமாக கோ என்ற வினை வரும். அமெரிக்கர்கள் "கெட் மேட்" என்றால் கோபப்படுவது, "கோ மேட்" என்றால் பைத்தியமாவது.

அப்புறம் செயப்பாட்டு வினை. பள்ளியில் "ஹி வாஸ் காட்" என்று, அதாவது பிடிக்கப்பட்டான் என்ற பொருளில், வாஸ் போட்டுத்தான் படித்திருப்போம். பேச்சில் "ஹி காட் காட்" என்பார்கள் (தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும் இரண்டாவது சொல் கேட்ச் என்பதன் இறந்தகாலம், அதன் ஒலி வேறு). இதற்கு நம்மிடம் அச்சான இணை இருக்கிறது: மாட்டிக்கொண்டான். நாமும் பேசும்போது "அடிக்கப்பட்டான்", "திட்டப்பட்டான்" என்றெல்லாம் சொல்வதில்லையே. அடி வாங்கினான், திட்டு வாங்கினான், வேலை போய்விட்டது என்கிறோம். "ஹி காட் ஸ்கோல்டட்", "ஹி காட் ஃபயர்ட்" என்பவை அந்த ஜாதி வாக்கியங்கள். ஒருவருக்கு ஒன்று நேர்ந்தது, பெரும்பாலும் நல்லதல்லாத ஒன்று, என்ற ஒலி அதில் இருக்கும். அதனால் கோவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டது என்பதற்கு "காட் பில்ட்" போடக் கூடாது, அங்கே வாஸ் தான்.

கல்யாண விஷயத்தில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். "ஷி இஸ் மேரிட்" என்றால் திருமணமானவர், அது ஒரு நிலை. "ஷி காட் மேரிட் இன் மே" என்றால் மே மாதம் திருமணம் நடந்தது, அது ஒரு நிகழ்ச்சி. எப்போது நடந்தது என்று சொல்லும் இடத்தில் காட் போட்டுப் பழகுங்கள், கூடவே யாருடன் என்றும் சொல்ல வேண்டியிருந்தால் வித் போடாமல் "காட் மேரிட் டு" என்று சொல்லுங்கள். வித் போட்டுச் சொல்வதுதான் நம்மவர்களிடம் நான் மிக அதிகமாகக் கேட்கும் பிழை.

இப்போது வருவதற்குத்தான் என் வகுப்பில் ஒரு முழு மாலையை ஒதுக்குவேன். நேற்று கடைக்குப் போய் முடி வெட்டிக்கொண்டீர்கள். ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்? பத்தில் எட்டுப் பேர் "ஐ கட் மை ஹேர்" என்பார்கள். கேட்பவருக்கு நீங்களே கத்தரிக்கோலை எடுத்துக் கண்ணாடி முன் நின்று வெட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். சரியான வாக்கியம் "ஐ காட் மை ஹேர் கட்". கெட், அடுத்து பொருள், அதற்கு அடுத்து வினையின் மூன்றாவது வடிவம், இதே வரிசையில். போனைக் கடையில் கொடுத்துச் சரி செய்தேன்: "ஐ காட் மை போன் ரிப்பேர்ட்". சட்டை தைக்கக் கொடுத்து வாங்கினேன்: "ஐ காட் எ ஷர்ட் ஸ்டிச்ட்". வீட்டுக்கு வெள்ளையடித்தோம் என்று நாம் சொல்வோம், அடித்தது பெயிண்டர், அதனால் "வி காட் த ஹவுஸ் பெயின்டட்". தமிழில் யார் செய்தார் என்பதைச் சூழல் பார்த்துக்கொள்ளும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் அது வாக்கியத்திலேயே தெரிய வேண்டும். ஒரு நாள் முழுக்க உங்களுக்காக மற்றவர்கள் செய்து கொடுத்த வேலைகளை எண்ணிப் பாருங்கள், ஜெராக்ஸ் எடுத்தது, பஞ்சர் ஒட்டியது, ரத்தப் பரிசோதனை செய்தது, துணி இஸ்திரி போட்டது. ஒவ்வொன்றையும் இந்த அமைப்பில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு வாரம் செய்தால் போதும், நாக்கு தானாகத் திரும்பிவிடும்.

இதே அமைப்பு எதிர்பாராமல் நேர்ந்ததற்கும் வரும். கதவில் விரலைக் கொடுத்துவிட்டான் என்பது "ஹி காட் ஹிஸ் ஃபிங்கர் காட் இன் த டோர்".

பொருளுக்குப் பதிலாக ஒரு ஆள் வந்து, ஆளுக்குப் பின் டு வந்தால் பேசிச் சம்மதிக்க வைத்தது. "ஐ காட் ஹிம் டு கம்" என்றால் எப்படியோ சொல்லிக்கில்லி அவனை வர வைத்தேன். "ஐ மேட் ஹிம் கம்" என்றாலும் வர வைத்தேன்தான், ஆனால் அதில் அவனுக்கு வேறு வழியில்லை என்ற அழுத்தம் இருக்கும். மேக் போட்டால் டு வராது, கெட் போட்டால் டு கட்டாயம் வரும். குழந்தையைச் சாப்பிட வைக்கும் அம்மாவுக்கு இரண்டுமே தேவைப்படும்: கதை சொல்லி ஊட்டினால் காட், மிரட்டி ஊட்டினால் மேட்.

ஆளே இல்லாமல் நேராக டு வந்தால்? "ஐ காட் டு சீ த டைகர்." புலியைப் பார்க்க வாய்த்தது. காணக் கிடைத்தது என்று எழுதுவோமே, அதேதான். ஆசைப்பட்ட ஒன்று கைகூடியது என்ற மகிழ்ச்சி இதில் உண்டு. இதற்கு ரொம்ப நெருங்கிய ஒலியில், பொருளில் வெகு தூரத்தில், இன்னொன்று இருக்கிறது: "ஐ'வ் காட் டு கோ", போயே ஆக வேண்டும். ஐ'வ் என்பதில் இருக்கும் வ் பேச்சில் கரைந்துபோய் வெறும் "ஐ காடா கோ" என்றுதான் காதில் விழும். எப்படிப் பிரித்தறிவது? காடா என்று ஒட்டிக் கேட்டால் கட்டாயம். காட் டு என்று பிரித்துக் கேட்டு, நடந்து முடிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தால் வாய்ப்பு. கூடவே டுடே, நவ் போன்ற சொற்கள் வந்தால் கட்டாயமாக இருக்கவே அதிக வாய்ப்பு.

ஐ'வ் காட் என்று சொல்லும்போது அது இறந்தகாலம் மாதிரி தெரிந்தாலும் நிகழ்காலம். "ஐ'வ் காட் டூ பிரதர்ஸ்", எனக்கு இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள். பெற்றுவிட்டேன், ஆகவே இப்போது இருக்கிறது என்ற வழியில் வந்த வழக்கு. அமெரிக்கர்கள் இருக்கிறது என்பதற்கு ஐ'வ் காட் என்றும், புதிதாகக் கிடைத்திருக்கிறது, ஆகியிருக்கிறது என்பதற்கு ஐ'வ் காட்டன் என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். "இட் ஹாஸ் காட்டன் கோல்டர்" என்றால் குளிர் கூடியிருக்கிறது. இதைப் புதிய கொச்சை என்று நினைக்க வேண்டாம், காட்டன் பழைய வடிவம்தான், பிரிட்டனில் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள், அமெரிக்காவில் வைத்துக்கொண்டார்கள். பிரிட்டனிலும் ஃபர்காட்டன் என்ற சொல்லில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஃபர்கெட் என்பதே கெட்டின் உறவுதான், பிடி நழுவிப் போவது என்பது அதன் வேர்ப்பொருள். கெட் தனியாக ஆங்கிலத்துக்கு வந்தது ஸ்காண்டிநேவியாவிலிருந்து போய் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் மொழியிலிருந்து, அங்கே அது கெடா. டேக் என்ற சொல்லும் அவர்கள் கொடுத்ததே.

இடம் காட்டும் சொல் பின்னால் வந்தால் நகர்வு. கெட் ஹோம் வீடு சேர்வது, கெட் பேக் திரும்பி வருவது. பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு நாம் எல்லோரும் கெட் டவுன் என்கிறோம், இறங்கு என்றால் கீழே என்ற எண்ணம் தமிழில் இருப்பதால் அது இயல்பாக வருகிறது. வெளியே அது கெட் ஆஃப். அங்கே கெட் டவுன் என்று கத்தினால் குனி, கீழே படு என்று எடுத்துக்கொள்வார்கள், மேஜைமேல் ஏறிய குழந்தையை இறங்கச் சொல்லவும் அதுவே. காருக்கு மட்டும் கெட் இன், கெட் அவுட். நின்று நடமாட இடமிருக்கும் பஸ், ரயில், விமானத்துக்கும், மேலே ஏறி உட்காரும் பைக், குதிரைக்கும் கெட் ஆன், கெட் ஆஃப். குனிந்து உள்ளே நுழைய வேண்டிய காருக்கு, ஆட்டோவும் அப்படியே, கெட் இன்.

கெட் ஓவர் என்பதையும் நாம் நம் போக்கில் வைத்திருக்கிறோம். கிளாஸ் முடிந்தது என்பதற்கு "கிளாஸ் காட் ஓவர்" என்கிறோம். மற்ற நாட்டவர் "கிளாஸ் இஸ் ஓவர்" என்பார்கள். அவர்களுக்கு கெட் ஓவர் என்றால் காய்ச்சலிலிருந்து தேறுவது, துக்கத்திலிருந்து மீள்வது, பயம் தெளிவது. தந்தையை இழந்த ஒருவர் "ஐ ஹாவன்ட் காட் ஓவர் இட்" என்று சொன்னால், காரியமெல்லாம் முடியவில்லையா என்று கேட்டுவிடாதீர்கள், இன்னும் மனம் ஆறவில்லை என்கிறார்.

கெட் அப் படுக்கையை விட்டு எழுவது, வேக் அப் கண் விழிப்பது. ஆறு மணிக்கு விழித்து ஏழு மணிவரை படுத்திருந்தால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். "ஐ'ல் கெட் பேக் டு யூ" என்றால் விசாரித்துவிட்டுப் பிறகு சொல்கிறேன், ஆள் நேரில் வரப்போவதில்லை. நேர்முகத் தேர்வின் முடிவில் இதைக் கேட்டால் வேலை உறுதி என்றும் நினைக்க வேண்டாம், இல்லை என்றும் நினைக்க வேண்டாம். நம் அலுவலகங்களில் ரிவர்ட் என்று எழுதும் இடத்தில் இதை எழுதலாம், எல்லா நாட்டுக்காரருக்கும் புரியும்.

கெட் அலாங் ஒத்துப்போவது, கெட் பை எப்படியோ ஓட்டுவது, கெட் அவே வித் தப்பு செய்துவிட்டுத் தப்பித்துக்கொள்வது, கெட் ரிட் ஆஃப் தொலைத்துக் கட்டுவது. இவற்றில் அடுத்த சொல்லை வைத்து ஊகிக்கும் வித்தை பாதிதான் உதவும், முழுத் தொடராகவே பழக வேண்டும். ஒரு வாரத்துக்கு ஒன்று போதும், நான்கைந்தாக அடுக்க வேண்டாம். கெட் அவுட் மட்டும் ஒரு எச்சரிக்கை: அமெரிக்கர் ஒருவர் உங்கள் நல்ல செய்தியைக் கேட்டு, சிரித்துக்கொண்டே "கெட் அவுட்!" என்றால், நிஜமாகவா என்று வியக்கிறார். முகத்தைப் பாருங்கள்.

எழுத்தில்? நண்பருக்கு எழுதும் செய்தியில் எவ்வளவு கெட் வேண்டுமானாலும் போடலாம். வங்கிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ எழுதும் கடிதத்தில் ரிசீவ், அப்டெய்ன், பிகம் என்று பொருளுக்கேற்ப மாற்றினால் நன்றாக இருக்கும். கெட் எழுதினாலே தப்பு என்று சிலர் மிரட்டுவார்கள், அதை நம்பி "காட் மேரிட்" என்பதையெல்லாம் மாற்றி எழுதிச் சிரமப்பட வேண்டாம். கணினிக்காரர்களுக்கு ஒரு தகவல்: இணையப் பக்கங்களைக் கேட்டு வாங்க உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைதான் எச்டிடிபி, 1991-இல் வெளிவந்த அதன் முதல் வடிவத்தில் இருந்த ஒரே கட்டளை கெட். இன்றும் நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தால் உலாவி முதலில் சர்வருக்கு அனுப்புவது பெரும்பாலும் அதுதான், கொண்டுவந்து கொடு என்ற பொருளில்.

பழகுவதற்கு நான் சொல்லும் வழி சுலபமானது. பிடித்த ஆங்கிலத் தொடரோ நேர்காணலோ பத்து நிமிடம் போடுங்கள், கெட் வரும்போதெல்லாம் நிறுத்தி, அடுத்த சொல்லோடு சேர்த்து எழுதி, பக்கத்தில் நீங்கள் வீட்டில் பேசும் தமிழில் அதை எப்படிச் சொல்வீர்கள் என்று எழுதுங்கள். பெறுதல், அடைதல் என்று புத்தகத் தமிழில் எழுதினால் பயன் இல்லை, வீட்டுத் தமிழ் வேண்டும். தொடங்குவதற்கு மூன்று தருகிறேன், விடையைக் கையால் மறைத்துக்கொண்டு முயன்று பாருங்கள்.

"இட்ஸ் கெட்டிங் டார்க், லெட்ஸ் கெட் கோயிங்." இருட்டுகிறது, வா கிளம்பலாம்.

"கெட் யுவர் பிரதர் டு கெட் த பைக் வாஷ்ட்." உன் தம்பியிடம் சொல்லி பைக்கைக் கழுவக் கொடுத்து வாங்கி வரச் சொல்.

"ஐ நெவர் காட் டு தேங்க் ஹெர்." அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய்க்கவே இல்லை.